சேற்றுப்புண்: சிறிது என்று அலட்சியம் வேண்டாம்!

(திருவண்ணாமலையில் இளைஞர்களும் வியாபாரிகளும் கூடிய மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் வக்ஃபு சொத்தைப் பற்றிப் பேசுவோம். இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுவோம். இன்று நான் பேச வந்திருப்பது உங்கள் கால் விரல் இடுக்கைப் பற்றி! சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தவறில்லை. ஆனால் இன்று இரவு வீட்டுக்குப் போனதும் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, சுண்டுவிரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் விலக்கிப் பாருங்கள். தோல் வெள்ளையாக ஊறிப்போய், உரிந்து, வெடித்து, அரிப்பும் வாடையுமாக இருக்கிறதா? அப்படியானால் இந்த உரை உங்களுக்குத்தான்.

அதன் பெயர் சேற்றுப்புண். நம் பாட்டிமார்கள் வைத்த பெயர். நாற்று நடும் பெண்களுக்கும் வயலில் இறங்கும் ஆண்களுக்கும் மழைக்காலத்தில் வருவதால் அப்படிச் சொன்னார்கள். இன்றோ சேற்றையே மிதிக்காத கடைக்காரருக்கும், ஷூ போட்டு வேலைக்குப் போகும் இளைஞருக்கும், நாளைக்கு ஐந்து வேளை காலைக் கழுவும் தொழுகையாளிக்கும் அது வருகிறது. ஏன் வருகிறது? எப்படிப் போக்குவது? எதைச் செய்யவே கூடாது? இந்த மூன்றைத்தான் பேசப்போகிறேன்.

வெள்ளம் காட்டிய பாடம்

2024 டிசம்பர் 1-ஆம் தேதியை இந்த ஊர் மறக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் 7 உயிர்கள் போயின. அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த நாட்களில்தான் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மிதந்தன. மதம் பார்க்காமல் பல இளைஞர்கள் உதவிக்கு ஓடினார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

உணவுப் பொட்டலம் சுமந்து முழங்கால் தண்ணீரில் நடந்த பிள்ளைகள் சிலரை இரண்டு வாரம் கழித்துச் சந்தித்தேன். நொண்டி நொண்டி நடந்தார்கள். "என்னப்பா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லை ஹஜ்ரத், விரல் இடுக்குல லேசா புண்ணு" என்றார்கள். அடுத்தவர் பசியைப் பார்த்த பிள்ளைகள் தங்கள் காலைப் பார்க்கவில்லை. ஈரமான ஷூவை இரண்டு நாள் கழற்றாமல் இருந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் காரணம்.

உலகத்தையே மிரட்டிய அமெரிக்க ராணுவமும் இந்த இடத்தில் மண்டியிட்டிருக்கிறது. 1960-களில் வியட்நாமின் மீகாங் டெல்டா நெல் வயல்களில் நாள் கணக்கில் நின்ற சிப்பாய்களில் பலர் குண்டடி படாமலேயே கால் புண்ணால் படுத்தார்கள். படை மருத்துவர்கள் ஆராய்ந்து கண்டது என்ன? இரண்டு நாள் தண்ணீரில் இருந்தவனுக்கு அடுத்த ஒரு நாள் காலை உலரவிட ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதே. கோடிக்கணக்கில் செலவு செய்த படைக்கும் கடைசியில் கைகொடுத்தது உலர்ந்த கால்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் என்றால் என்ன?

இது அசுத்தமானவர்களுக்கு வரும் நோய் அல்ல. சூடும் அல்ல, பித்தமும் அல்ல, யாருடைய கண்ணேறும் அல்ல. நம் தோலின் மேலடுக்கு செத்த தோல். அதில் கெரட்டின் என்ற சத்து இருக்கிறது. நகத்திலும் முடியிலும் இருப்பது அதேதான். அந்தக் கெரட்டினைத் தின்று வாழும் பூஞ்சைக் காளான்கள் உண்டு. காலில் பெரும்பாலும் குடியேறுவது டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்ற வகை. அதற்கு வேண்டியவை மூன்று: ஈரம், வெப்பம், காற்றுப் புகாத மூடிய இடம். சுண்டுவிரல் இடுக்கில் இந்த மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இங்கே ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். நம் ஊரில் பவுர்ணமிதோறும் லட்சக்கணக்கான இந்து சகோதரர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றுகிறார்கள். கொப்புளம் வரலாம், முள் குத்தலாம். ஆனால் காற்றுப் படும் வெறுங்காலில் சேற்றுப்புண் அவ்வளவு எளிதில் தங்காது. அதே இரவில் அதே பாதையில் விடிய விடிய டீக்கடை, டிபன் கடை போட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரில் ரப்பர் ஷூவோடு நிற்கிற நம் வியாபாரிக்குத்தான் ஆபத்து அதிகம். இறைச்சிக் கடை, மீன் கடை, ஓட்டல் சமையலறை, தண்ணீர் கேன் வியாபாரம், ஆம்பூர் வாணியம்பாடித் தோல் பதனிடும் பட்டறை, செய்யாறு சிப்காட்டில் நாள் முழுக்க ஷூ போட்டு நிற்கும் வேலை என்று நம் மக்கள் பிழைக்கும் தொழில்களில் பல ஈரக்கால் தொழில்கள்.

எப்படி அடையாளம் காண்பது?

நான்கு உருவங்களில் இது வரும்.

முதலாவது, விரல் இடுக்கில் வருவது. வெள்ளையாக ஊறி, உரிந்து, வெடிக்கும். செருப்பைக் கழற்றியதும் அரிப்பு தாங்காது.

இரண்டாவது, உள்ளங்கால் முழுவதும் காய்ந்து, மாவு தூவியது போல் செதில் செதிலாக உரிவது. ஓரங்களிலும் ஏறும். இதைப் பித்தவெடிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் எண்ணெய் தடவுகிறவர்கள் நிறையப் பேர். சிலருக்கு இரண்டு காலோடு ஒரு கையிலும் இதே உரிதல் இருக்கும். அது பூஞ்சை என்பதற்கு நல்ல அடையாளம்.

மூன்றாவது, பாதத்தின் வளைவில் சிறு சிறு நீர்க்கொப்புளங்களாக வந்து கடுமையாக அரிப்பது.

நான்காவது, நகத்தில் ஏறுவது. நகம் மஞ்சளாகி, தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிரும். நகத்தில் குடியேறிய பூஞ்சை விரல் இடுக்குக்குத் திரும்பத் திரும்ப விதை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஆனால் காலில் அரிப்பதெல்லாம் சேற்றுப்புண் ஆகிவிடாது. செருப்பு வார் படும் இடத்தில் மட்டும் அதே வடிவத்தில் சிவந்து அரித்தால், ரப்பரோ தோல் பதனிடும் ரசாயனமோ ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். உள்ளங்காலில் ஊசியால் குத்தியது போல் சிறு குழிகளும் கடும் நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியா வேலை. தேமல் போன்ற இடத்தில் உணர்ச்சியே இல்லை என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அது தொழுநோயாக இருக்கலாம், அதற்கு இலவசமாக முழு மருந்து உண்டு. சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவர் உரியும் தோலைச் சிறிது சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். வலி இல்லாத எளிய சோதனை இது.

உளூ நோயைத் தருமா?

இந்தக் கேள்வியை ஒரு கல்லூரித் தம்பி என்னிடம் தனியாகக் கேட்டார். கூச்சப்படாமல் பதில் சொல்வோம். 1998-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் முஸ்லிம்களின் காலில் வரும் பூஞ்சை நோயைப் பற்றி மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பள்ளிவாசலுக்குத் தவறாமல் வருகிற ஆண்களிடம் இந்நோய் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். இதைக் கேட்டு ஆத்திரப்படத் தேவையில்லை. குறை உளூவில் இல்லை. உளூவுக்குப் பிறகு நாம் செய்யத் தவறுவதில் இருக்கிறது.

விரல்களைக் கோதிக் கழுவும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக லகீத் பின் ஸபிரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் கோதுகிறோம்? குழாயைத் திறந்து, காலை நீட்டி, தண்ணீர் தானாக ஓடினால் போதும் என்று ஓடிவிடுகிறோம். இடது கைச் சுண்டுவிரலை ஒவ்வொரு கால்விரல் இடுக்கிலும் விட்டுக் கோதிப் பாருங்கள். அழுக்கும் செத்த தோலும் போகும். அதோடு புண் இருந்தால் நாளைக்கு ஐந்து முறை கைக்குத் தட்டுப்படும். உலகத்தில் வேறு எந்தச் சமுதாயத்துக்கு இப்படி ஒரு தினசரிச் சோதனை இருக்கிறது? ஆனால் புண் தட்டுப்பட்டால் கோதிய விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

அடுத்தது துடைப்பது. உளூவின் தண்ணீரைத் துடைக்கவே கூடாது என்று சில பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டுகிறார்கள். துடைக்காமல் விடுவது சிறப்பா, துடைப்பதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் துடைப்பது ஹராம் என்ற சட்டம் நான்கு மத்ஹபுகளிலும் இல்லை. நோயாளி தாராளமாகத் துடைக்கலாம். நான் சொல்கிறேன்: துடைக்க வேண்டும்! சட்டைப் பையில் ஒரு சிறிய பருத்திக் கைக்குட்டை, காலுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு இடுக்கையும் ஒற்றி எடுக்க அரை நிமிடம் ஆகும். ஈரக்காலை அப்படியே சாக்ஸுக்குள் திணித்துக் கடைக்கு ஓடுவதுதான் நோய்க்கு நாம் வைக்கும் விருந்து.

வெடிப்பு பெரிதாகி, தண்ணீர் பட்டால் புண் கெடும் என்று மருத்துவர் சொன்னால், மார்க்கம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. கட்டின் மீது மஸஹ் செய்வது, தயம்மும் செய்வது பற்றி உங்கள் ஊர் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புண்ணை வைத்துக்கொண்டு தொழுகையை விடவும் வேண்டாம். தொழுகைக்காகப் புண்ணைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

நான் ஏமாந்த கதை

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். என் கதையையே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எனக்கும் இது வந்தது. ஒரு மருந்துக் கடைக்குப் போய்க் காலைக் காட்டினேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. ஒரு டியூபைக் கொடுத்தார்கள். தடவினேன். மூன்றாம் நாள் அரிப்பு போய்விட்டது! "மந்திரம் போல மருந்து" என்று நாலு பேருக்குச் சிபாரிசும் செய்தேன். அடுத்த மாதம் திரும்ப வந்தது. திரும்பத் தடவினேன், போனது. மூன்றாவது முறை வந்தபோது காலோடு நிற்கவில்லை. தொடை இடுக்கில் படர்தாமரையாகப் படர்ந்தது. இடுப்புக்கு ஏறியது. உட்கார்ந்து நான்கு வார்த்தை பயான் செய்ய முடியவில்லை. கடைசியில் தோல் மருத்துவரிடம் போனேன். டியூபைப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஹஜ்ரத், இதில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் இருக்கிறது" என்றார்.

அது என்ன செய்யும்? அரிப்பும் சிவப்பும் நம் உடல் பூஞ்சையோடு சண்டை போடுவதன் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. அரிப்பு அடங்குகிறது. பூஞ்சையோ தடையில்லாமல் வளர்கிறது. வீட்டுக் காவல்காரனின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, "சத்தமே இல்லை, திருடன் போய்விட்டான்" என்று நிம்மதியாகத் தூங்குவதற்கு ஒப்பானது இது. போதாதற்கு நீண்ட நாள் தடவினால் தோல் மெலிந்து, தொடையில் வெள்ளைக் கோடுகள் விழும். அந்தக் கோடுகள் மறைவதே இல்லை.

இது ஒருவர் இருவர் பிரச்னை அல்ல. நாடு முழுவதும் படர்தாமரை இப்படித்தான் முற்றியது. இந்தியத் தோல் மருத்துவர்கள் கூக்குரல் எழுப்பிய பிறகு, 2018-ல் மத்திய அரசு தோலில் தடவும் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு பூஞ்சைக்கு டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டின் பெயரே அதில் இருக்கிறது! அது பெரும்பாலும் உடலிலும் தொடையிலும் வருவது. டெர்பினாஃபின் என்ற நல்ல மருந்துக்குப் பல இடங்களில் அது மசிவதில்லை. 2023-ல் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. அரைகுறை மருந்தும் ஸ்டீராய்டுக் கலவையும் நம் நாட்டில் இந்தப் பூஞ்சை பரவத் துணை போயின என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

ஆகவே டியூபை வாங்கும்போது பெட்டியைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் சேற்றுப்புண்ணுக்கு நீங்களாக வாங்கித் தடவாதீர்கள். மூன்று நான்கு மருந்து கலந்த டியூப் என்றால் இன்னும் உஷாராக இருங்கள்.

மருந்துக் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் அந்த டியூபைத்தான் கேட்பார். கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார். எனக்குத் தெரியும். ஆனாலும் குறையை மறைத்து விற்பது நம் வியாபாரம் அல்ல என்று நமக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது. "இது உங்களுக்கு வேண்டாம், இதைத் தடவுங்கள்" என்று சரியான மருந்தை எடுத்துக் கொடுங்கள். ஒரு விற்பனை போகலாம், பரக்கத் போகாது.

சரியான சிகிச்சை

விரல் இடுக்கில் வந்த சாதாரணச் சேற்றுப்புண்ணுக்கு, பூஞ்சை மருந்து மட்டும் உள்ள களிம்பு போதும். க்ளோட்ரிமசோல் 1 சதவிகிதக் களிம்பு என்றால் காலை, இரவு இரண்டு வேளை, நான்கு வாரம். டெர்பினாஃபின் 1 சதவிகிதக் களிம்பு என்றால் ஒன்று முதல் இரண்டு வாரம். இவை விலை அதிகமில்லாத மருந்துகள். மக்கள் மருந்தகங்களிலும், 2025-ல் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் விசாரியுங்கள். பழைய காலத்து ஒயிட்ஃபீல்டு களிம்பும் உண்டு. 6 சதவிகிதம் பென்சாயிக் அமிலமும் 3 சதவிகிதம் சாலிசிலிக் அமிலமும் கலந்தது. உள்ளங்காலில் தடித்து உரிவதற்கு நல்லது. வெடித்த புண்ணில் வைத்தால் எரியும்.

எப்போது தடவுவது? தொழுகையாளிக்கு இதுதான் சிக்கல். தடவிய ஒரு மணி நேரத்தில் கழுவிவிட்டால் மருந்து எங்கே நிற்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். இஷா தொழுதுவிட்டுப் படுக்கும்போது தடவினால் ஃபஜ்ரு வரை நிற்கும். ஃபஜ்ரு தொழுதுவிட்டு வந்து, துடைத்துத் தடவினால் லுஹர் வரை நிற்கும். ஒரு நாளின் மிக நீண்ட இரண்டு இடைவெளிகள் இவைதான். களிம்பு மேலே பிசுபிசுப்பாகப் படிந்திருந்தால் உளூவுக்கு முன் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

தடவும் முறையும் முக்கியம். புண்ணில் மட்டும் வைக்காமல் சுற்றிலும் இரண்டு விரற்கடை தள்ளி மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். அரிப்பு நின்றதும் டியூபைத் தூக்கிப் போடாதீர்கள்! நாம் எல்லோரும் தோற்பது இங்கேதான். அரிப்பு நின்றால் பூஞ்சை செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சொன்ன நாள் வரை தடவுங்கள்.

உள்ளங்கால் முழுக்கப் பரவியது, நகத்தில் ஏறியது, உடம்பில் படர்ந்தது ஆகியவற்றுக்குக் களிம்பு மட்டும் போதாது, மாத்திரை தேவைப்படலாம். கால் நகத்துக்கு மூன்று மாதம் வரைகூட மாத்திரை உண்டு. புது நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அந்த மாத்திரைகள் ஈரலைப் பாதிக்கக் கூடியவை, வேறு மருந்துகளோடு மோதக் கூடியவை. ஆகவே மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூச்சமில்லாமல் சீட்டுப் போட்டு வரிசையில் நில்லுங்கள்.

கை வைத்தியம்? வீட்டில் மருதாணி அரைத்து விரல் இடுக்கில் வைப்பார்கள், மஞ்சள் வைப்பார்கள். இலையைப் பறித்து அரைத்த மருதாணியால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அது மருந்துக்கு மாற்று அல்ல. கடையில் விற்கும் கருப்பு மருதாணியைப் புண்ணில் வைக்காதீர்கள். அதில் கலக்கும் முடிச்சாயம் தோலைப் பொசுக்கிவிடும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பேட்டரி தண்ணீர் என்று தடவுவோர் இருக்கிறார்கள். அல்லாஹ் காப்பாற்ற வேண்டும்! எண்ணெயைத் தடவி இடுக்கை மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு எச்சரிக்கை

இவ்வளவு நேரம் அரிப்பைப் பற்றிப் பேசினேன். இனி பேசுவது காலையும் உயிரையும் பற்றி.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஏழு பேரில் ஒருவர். இந்தக் கூடத்தை எண்ணிப் பாருங்கள்! சர்க்கரை முற்றியவருக்குக் காலில் உணர்ச்சி குறையும். விரல் இடுக்கு வெடித்திருப்பதே தெரியாது. அந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். கால் சிவந்து வீங்கும், காய்ச்சல் வரும், சீழ் வைக்கும். பிறகு விரலை எடுக்க வேண்டும் என்பார்கள். பிறகு பாதத்தை என்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பழ வியாபாரி, ஐம்பது வயதுக்காரர். "சேற்றுப்புண்தானே பாய், மழை நின்னா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மழை நின்றது. அவருடைய சுண்டுவிரல் இன்று இல்லை. இரண்டு மாதம் கடை மூடிக் கிடந்தது. மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போனது. தொடக்கத்தில் ஒரு டியூபும் ஒரு கைக்குட்டையும் போதுமாக இருந்தது சகோதரர்களே!

யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அவர்களுக்கு அடிக்கடி வரும் குளிர் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் விரல் இடுக்கு வெடிப்பே பல நேரம் வாசலாக இருக்கிறது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்து, இடுக்கைச் சோதிப்பதே அவர்களுக்குச் சிகிச்சையின் பாதி.

சர்க்கரை இருந்து விரல் இடுக்கில் புண் கண்டால் வீட்டு மருத்துவம் வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை இல்லாதவர்களும் கால் சிவந்து வீங்கினால், காய்ச்சல் வந்தால், சீழோ பச்சை நிறமோ கடும் நாற்றமோ கண்டால், நான்கு வாரம் சரியாகத் தடவியும் குறையாவிட்டால் உடனே போங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. வருகிற ஊழியரிடம் வீட்டுப் பெரியவர்களின் காலையும் காட்டச் சொல்லுங்கள்.

வராமல் தடுப்போம்

தனி மனிதர் செய்ய வேண்டியவை: காலைத் துடைக்கும் துணியால் தொடை இடுக்கைத் துடைக்காதீர்கள். காலில் புண் இருந்தால் உடை மாற்றும்போது முதலில் சாக்ஸ், பிறகு உள்ளாடை. இந்த வரிசை மாறினால் கால் பூஞ்சை உள்ளாடை வழியாக மேலே ஏறும். சாக்ஸ் பருத்தியில், தினமும் மாற்றியதாக இருக்கட்டும். கொதிக்கும் நீரில் அலசி வெயிலில் காய வையுங்கள். ஷூ இரண்டு ஜோடி வைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். முடியாதவர்கள் கடையில் இருக்கும் நேரம் திறந்த செருப்புப் போடுங்கள். ஈரத்தில் நிற்கும் தொழில் என்றால் மதியம் ஒரு முறை காலைக் கழுவித் துடைத்துக் கால் மணி நேரம் காற்றில் விடுங்கள். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லோருடைய காலையும் பாருங்கள். ஒருவர் மட்டும் மருந்து போட்டால் நோய் வீட்டுக்குள்ளேயே சுற்றும். நகவெட்டி, துண்டு, செருப்பு இவற்றைப் பங்கு போடாதீர்கள். சகோதரத்துவத்தைக் காட்ட வேறு வழிகள் இருக்கின்றன!

ஜமாஅத் நிர்வாகிகள் செய்ய வேண்டியவை: உளூச் செய்யும் இடத்தில் பாசி பிடிக்க விடாதீர்கள், வாரம் இரண்டு முறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். எல்லோரும் துடைக்கும் அந்த ஒரே பொதுத் துண்டை இன்றே எடுத்துவிடுங்கள். கழிவறைப் பொதுச் செருப்புகளைக் கழுவி வெயிலில் வையுங்கள். ஈரக்கால் நேராகக் கம்பளத்தில் படாதபடி இடையில் உலர்ந்த மிதியடி போட்டு, தினமும் மாற்றுங்கள். பாய்களையும் விரிப்புகளையும் வெயில் காட்டுங்கள். மதரஸா விடுதிப் பிள்ளைகளின் காலை மாதம் ஒரு முறை உஸ்தாத் பார்க்கட்டும். இதற்கெல்லாம் வசூல் தேவையில்லை, தீர்மானம் தேவையில்லை. அக்கறை ஒன்று போதும்.

அன்புச் சகோதரரே! சமுதாயத்துக்காக நடக்கத் தயார் என்று கை உயர்த்துகிறோம். நடப்பதற்குக் கால் வேண்டும். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அந்த அமானிதத்தில் சுண்டுவிரலும் அடக்கம். இன்று இரவு இஷாவுக்குப் பிறகு உங்கள் காலைப் பாருங்கள். பிறகு உங்கள் தந்தையின் காலைப் பிடித்துப் பாருங்கள். வெகு நாளாயிற்று நாம் அதைத் தொட்டு.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்து, நோயில் இருப்போருக்கு ஷிஃபாவை அருள்வானாக! வஸ்ஸலாம்.